ரெட்டரிக், எழுத்துக் கற்பித்தல் முதுகலை: ஆன்லைனா, வளாகமா, சான்றிதழே போதுமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் எழுத்தைக் கற்பிக்க விரும்பும் நம்மவர்களிடமிருந்து அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. ரெட்டரிக் (பேச்சாலும் எழுத்தாலும் பிறரை இணங்கவைக்கும் கலை), எழுத்துக் கற்பித்தல் துறையில் முதுகலைப் பட்டம் பெற ஆசை. வேலையை விட முடியாது, ஊர் மாற முடியாது, பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். ஆன்லைனில் சேரலாமா? கேட்பவர்களில் பள்ளி ஆங்கில ஆசிரியர்களும் உண்டு, இலக்கியத்தில் ஏற்கனவே முதுகலை முடித்தவர்களும் உண்டு, மென்பொருள் நிறுவனத்தில் ஆவணம் எழுதிச் சலித்துப்போனவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் பதிலைத் தேடும் வழி ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தத் துறையின் வேலைவாய்ப்பு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் முடிவெடுப்பது எளிது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1885-இல் எழுத்துப் பாடத்தை முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியது. அந்தப் பழக்கம் நாடு முழுவதும் பரவியது. இன்றும் பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர் ஏதேனும் ஓர் எழுத்துப் பாடத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். அந்தப் பாடத்துக்கு எண்ணற்ற பிரிவுகள்; ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஆசிரியர். எழுத்து ஆசிரியர்களுக்கென்று தனி மாநாட்டு அமைப்பு 1949-இல் உருவானதும் இந்தப் பாடத்தைச் சுற்றித்தான். ஆகவே நீங்கள் பெறப்போகும் பட்டத்தை ஒரு கல்லூரி எடைபோடும்போது முதலில் எழும் கேள்வி, பதினெட்டு வயது மாணவர்கள் இருபது பேரின் வரைவுகளை வாரந்தோறும் வாசித்து, அவர்களை மறுபடி எழுதவைக்க இவரால் முடியுமா என்பதுதான்.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலானோர் கட்டணத்தில் தொடங்குகிறார்கள். நான் அதை மூன்றாவதாக வைப்பேன்.

முதல் அளவுகோல், மேற்பார்வையுடன் கற்பிக்கும் அனுபவம். நீங்கள் வகுப்பெடுப்பதை யாராவது வந்து உட்கார்ந்து பார்ப்பார்களா? மாணவரின் கட்டுரை ஓரத்தில் நீங்கள் எழுதும் குறிப்புகளை அனுபவமுள்ள ஒருவர் வாசித்து, "இந்தக் கட்டுரையில் பதினான்கு பிழைகளைக் குறித்திருக்கிறீர்கள், மாணவர் எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?" என்று கேட்பாரா? இந்தத் தொழிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ரெட்டரிக்கின் பண்டைய ஆசான்களான அரிஸ்டாட்டிலையும் குவின்டிலியனையும் தனியாக உட்கார்ந்து படித்துவிடலாம். ஒரு மோசமான வரைவுக்குள் இருக்கும் நல்ல எண்ணத்தைக் கண்டெடுக்கும் பழக்கம், இன்னொருவர் கூடவே இருந்து காட்டினால்தான் கைவருகிறது.

இரண்டாவது, பட்டத்தின் பெயரும் கிரெடிட் கணக்கும். (கிரெடிட் என்பது பாடத்தின் அளவைக் காட்டும் அலகு; ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் மூன்று.) தெற்கு மாநிலங்களின் அங்கீகார அமைப்பு கல்லூரி ஆசிரியருக்கு நெடுங்காலமாக வைத்திருக்கும் அளவு இது: கற்பிக்கும் துறையில் முதுகலை, அல்லது வேறு முதுகலையுடன் அந்தத் துறையில் குறைந்தது 18 முதுகலை நிலை கிரெடிட். மற்றப் பகுதிகளிலும் பல கல்லூரிகள் இந்த 18-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளோ (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தருபவை) பட்டத்தின் பெயரையே பார்க்கின்றன. அங்கே ஆங்கில ஆசிரியருக்கான தகுதிப் பட்டியலில் ஆங்கிலம், இலக்கியம், ஒப்பிலக்கியம், கம்போசிஷன் (கட்டுரை எழுத்து) ஆகிய முதுகலைகள் இருக்கின்றன. உங்கள் பட்டத்தில் வெறும் "ரெட்டரிக்" என்றோ "தொழில்முறை எழுத்து" என்றோ இருந்தால், நீங்கள் படித்தது அதற்கு இணையானதுதான் என்று தனியாக விண்ணப்பித்து நிறுவ வேண்டியிருக்கும்.

மூன்றாவது, மொத்தப் பணம். நான்காவது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம். ஐந்தாவது, பின்னர் முனைவர் பட்டம் வேண்டுமானால் இந்த வழி அதற்கு இட்டுச்செல்லுமா என்பது. விசாவில் இருப்பவர்களுக்கு ஆறாவது ஒன்றும் உண்டு. அது மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வரும். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

| அளவுகோல் | வளாகத்தில், அசிஸ்டன்ட்ஷிப்புடன் (வகுப்பெடுத்துக்கொண்டே படிக்கும் உதவிப் பணி) | ஆன்லைன் முதுகலை | முதுகலைச் சான்றிதழ் (பட்டம் அல்ல, குறுகிய படிப்பு) |
|---|---|---|---|
| கற்பித்தல் அனுபவம் | உண்டு; அதுவே மையம் | பெரும்பாலும் நீங்களே தேட வேண்டும் | மிகக் குறைவு |
| கிரெடிட் | 30 முதல் 36 | 30 முதல் 36 | 12 முதல் 18 |
| கட்டணம் | பெரும்பாலும் தள்ளுபடி, கூடவே உதவித்தொகை | கையிலிருந்து | கையிலிருந்து. ஆனால் பாதி அளவு |
| காலம் | இரண்டு ஆண்டு, முழுநேரம் | இரண்டு முதல் நான்கு ஆண்டு | ஓராண்டு முதல் ஒன்றரை |
| முனைவர் பட்ட வாய்ப்பு | வலுவானது | ஆய்வேடு எழுதினால் நன்று | தனியாக நின்றால் இல்லை |
| யாருக்கு | வகுப்பறை அனுபவம் இல்லாதவர் | ஏற்கனவே கற்பித்துக்கொண்டிருப்பவர் | வேறு முதுகலை கையில் உள்ளவர் |

## வளாகம்: செலவு அதிகம் என்ற எண்ணம் தவறு

ஊர் விட்டு ஊர் போய்ப் படிப்பதுதான் செலவு மிகுந்த வழி என்று பலரும் ஆராயாமலே முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தத் துறையில் நிலைமை வேறு. முதலாண்டு எழுத்துப் பாடத்துக்கு ஆசிரியர்கள் தேவைப்படுவதால், பல அரசுப் பல்கலைக்கழகங்கள் முதுகலை மாணவர்களுக்கே டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப் தந்து வகுப்பெடுக்க அமர்த்துகின்றன. பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ பிரிவு. பதிலுக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாத உதவித்தொகை, சில இடங்களில் மருத்துவக் காப்பீடு.

பணத்தைவிட முக்கியமானது கூட வரும் பயிற்சி. பொதுவாக முதல் பருவத்திலேயே பிராக்டிகம் என்ற பயிற்சிப் பாடம் இருக்கும். காலையில் வகுப்பெடுத்துவிட்டு மாலையில் அதே வகுப்பைப் பற்றி மற்ற புதிய ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசுவீர்கள். இரண்டு பிரிவுகளில் 44 மாணவர்கள், ஆளுக்கு நான்கு கட்டுரைகள் என்றால் 176 கட்டுரைகள். ஒன்றுக்கு இருபது நிமிடம் என்று வைத்தாலும் ஏறத்தாழ 59 மணி நேரம். வரைவையும் திருத்திய வடிவத்தையும் தனித்தனியே வாசித்தால் அது இரட்டிப்பாகும். இந்தச் சுமையைத் தாங்கும் முறையை, எதைக் குறிப்பது, எதைக் குறிக்காமல் விடுவது என்ற தெளிவை, அந்தப் பிராக்டிகம் அறையில் கற்பதுபோல் வேறெங்கும் கற்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

மறைந்திருக்கும் செலவுகள் இல்லாமல் இல்லை. உதவித்தொகை வரிக்கு உட்பட்டது. அது ஒரு தனி மனிதருக்கே இழுத்துப்பிடித்துத்தான் போதும், குடும்பத்துக்குப் போதாது. கட்டணம் தள்ளுபடியானாலும் "கட்டணங்கள்" என்று பன்மையில் வரும் மற்றவை, அதாவது தொழில்நுட்பக் கட்டணம், மாணவர் சேவைக் கட்டணம் போன்றவை, தள்ளுபடியாகாமல் நிற்கும். கோடை மாதங்களில் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு ஆண்டுகள் நீங்கள் இழக்கும் சம்பளம். ஆண்டுக்கு அறுபதாயிரம் டாலர் ஈட்டும் ஒருவர் வேலையை விட்டால், கட்டணத் தள்ளுபடி அந்தப் பள்ளத்தை நிரப்பாது.

இருபதுகளில் இருப்பவர், குடும்பச் சுமை குறைந்தவர், வகுப்பறையில் ஒருநாளும் நின்றிராதவர், முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் உள்ளவர்: இவர்கள் வேறெதையும் பார்ப்பதற்கு முன் இந்த வழியைப் பார்க்க வேண்டும்.

## ஆன்லைன்: நல்லது, சரியான ஆளுக்கு

ஆன்லைன் பட்டம் தரம் குறைந்தது என்ற பழைய ஐயத்தை இந்தத் துறையில் நான் ஏற்கவில்லை. காரணம் துறையின் இயல்பிலேயே இருக்கிறது. இங்கே பாடமும் எழுத்து, பாடம் நடக்கும் ஊடகமும் எழுத்து. நேரம் குறிக்காத ஆன்லைன் வகுப்பில் ஒரு வாரத்தின் விவாதம் முழுவதையும் எழுதியே ஆக வேண்டும். வாயாடிகள் மட்டும் பேசி, மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போகும் கருத்தரங்குகளை நான் பார்த்திருக்கிறேன். ஆன்லைனில் அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. மேலும் இன்றைய எழுத்துப் பாடங்களில் கணிசமானவை ஆன்லைனிலேயே நடக்கின்றன. அதில் மாணவராக இருந்து பட்ட சிரமம், பின்னால் ஆசிரியராகும்போது கை கொடுக்கும்.

குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆன்லைன் மாணவருக்கு அசிஸ்டன்ட்ஷிப் அரிது. ஆகவே ஒரு வகுப்பைக்கூட எடுக்காமல் எழுத்துக் கற்பித்தலில் முதுகலை பெற்றுவிட முடியும். பட்டம் கையில் இருக்கும், நேர்காணலில், "ஒரு மாணவர் உங்கள் பின்னூட்டத்தை ஏற்காதபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் சொல்ல எதுவும் இருக்காது. ஏற்கனவே பள்ளியிலோ பயிற்சி மையத்திலோ கற்பிப்பவருக்கு இந்தக் குறை பெரிதாகத் தாக்காது. திங்கள் இரவு படித்ததைச் செவ்வாய் காலை தன் வகுப்பில் முயன்று பார்க்கலாம். அவருடைய ஆய்வுக் கட்டுரைகளுக்கும் அந்த வகுப்பே களமாகும். அவருக்கு ஆன்லைன்தான் மிகச் சிறந்த வழி என்றே சொல்வேன்.

நேரக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்கக் கல்வித் துறையின் வரையறைப்படி ஒரு கிரெடிட் என்பது சுமார் 15 வாரங்களுக்கு, வாரம் ஒரு மணி நேர வகுப்பும் குறைந்தது இரண்டு மணி நேர வெளிவேலையும். மூன்று கிரெடிட் பாடத்துக்கு மொத்தம் 135 மணி. 15 வாரத்தில் அது வாரத்துக்கு 9 மணி. இதே பாடத்தை "விரைவு வடிவம்" என்று எட்டு வாரத்தில் தரும்போது வாரத்துக்கு ஏறத்தாழ 17 மணி ஆகும். விளம்பரத்தில் "ஒரே ஆண்டில் முதுகலை" என்று பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. முழுநேர வேலையில் இருப்பவருக்கு 15 வாரத்தில் ஒரு பாடம் சுமக்கக்கூடியது. எட்டு வாரத்தில் இரண்டு பாடம் என்றால் உறக்கத்தையோ படிப்பையோ விட வேண்டிவரும். பெரும்பாலும் படிப்பின் ஆழம்தான் போகிறது.

பணத்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஒரு கிரெடிட்டுக்கு 500 டாலர், மொத்தம் 33 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 16,500 டாலர். இது கணக்குக்கான உதாரணம்தான். விலை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெரிதும் மாறும். இதன்மேல் தொலைநிலைக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் போன்றவை ஏறும். சில பல்கலைக்கழகங்கள் வெளிமாநிலத்தவரிடமும் ஆன்லைனுக்கு உள்ளூர்க் கட்டணமே வாங்குகின்றன, சில வாங்குவதில்லை. இந்த ஒரு கேள்வியே மொத்தச் செலவை இரட்டிப்பாக்கலாம். வேலையில் இருப்பவர்கள் நிறுவனத்தின் கல்வி உதவியைக் கேட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரியில்லாமல் தர வருமானவரிச் சட்டம் இடம் தருகிறது. மூன்று ஆண்டுகளாகப் பரப்பிப் படித்தால் 15,750 டாலர். மேலே சொன்ன உதாரணத்தில் கல்விக் கட்டணம் ஏறக்குறைய முழுவதும் அதிலேயே அடங்கிவிடும். மெதுவாகப் படிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பட்டம் பெற்றபின் பலருக்கும் முதலில் கிடைப்பது அஜங்க்ட் எனப்படும் பகுதிநேர ஆசிரியப் பணி. ஒரு பிரிவுக்கு மூவாயிரம், நாலாயிரம் டாலர் என்ற அளவில்தான் பல இடங்களில் தருகிறார்கள். அடுத்த பருவத்துக்கு உறுதியும் கிடையாது. கடன் வாங்கி ஆன்லைன் முதுகலை படித்து, அஜங்க்ட் வருமானத்தில் அடைக்கலாம் என்று யாராவது திட்டமிட்டால், வேண்டாம் என்று தடுப்பேன்.

## சான்றிதழ்: பலர் கவனிக்காத குறுக்குவழி

இலக்கியத்திலோ கல்வியியலிலோ ஏற்கனவே முதுகலை இருந்தால் இரண்டாவது முதுகலை எதற்கு? எழுத்துக் கற்பித்தலில் 12 முதல் 18 கிரெடிட் கொண்ட முதுகலைச் சான்றிதழ்களைப் பல பல்கலைக்கழகங்கள் முழுக்க ஆன்லைனில் நடத்துகின்றன. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது பொருத்தமான வழி. பள்ளியிலேயே கல்லூரி கிரெடிட் தரும் எழுத்துப் பாடத்தைக் கற்பிக்க, கல்வியியல் முதுகலை மட்டும் போதாது, துறையில் 18 கிரெடிட் வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. சான்றிதழில் 12 கிரெடிட்தான் என்றால் மேலும் இரண்டு பாடம் எடுக்க முடியுமா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். 15-இல் நின்றுபோய், பின்னர் ஒரே ஒரு பாடத்துக்காக வேறொரு பல்கலைக்கழகத்தில் புதிதாக விண்ணப்பிக்கும் நிலை வரக்கூடாது.

ஒரு நல்ல தந்திரம்: அந்தக் கிரெடிட்கள் பின்னர் அதே பல்கலைக்கழகத்தின் முதுகலைக்குள் சேருமா என்று பாருங்கள். சேரும் என்றால், ஆன்லைன் முதுகலை உங்களுக்கு ஒத்துவருமா என்பதைப் பாதி விலையில் சோதித்துப் பார்த்ததுபோல் ஆகும்.

## வேறு வழிகள், சுருக்கமாக

பள்ளியில் கற்பிப்பதுதான் இலக்கு என்றால் ரெட்டரிக் முதுகலை தவறான கதவு. அது ஆசிரியர் உரிமம் தராது. அதற்குக் கல்வியியல் வழிதான். ஏற்கனவே உரிமம் உள்ளவருக்கு முதுகலை பல பள்ளி மாவட்டங்களில் சம்பளத்தை உயர்த்தும். ஆனால் இது எங்கும் உள்ள விதி அல்ல. வட கரோலினா 2013-இல் புதியவர்களுக்கு இந்தக் கூடுதலை நிறுத்தியது.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களோடு வேலை செய்ய விரும்பினால் அதற்கான தனி முதுகலை இருக்கிறது. இரண்டு மொழிகளில் வளர்ந்தவர்களுக்கு அது மட்டுமே பொருந்தும் என்று சிலர் நினைப்பதை நான் ஏற்கவில்லை. மாணவருக்குத் தன் மொழிவழக்கின் மீது உரிமை உண்டு என்று எழுத்து ஆசிரியர்களின் அமைப்பு 1974-லேயே தீர்மானம் போட்ட துறை இது. வேறொரு மொழியில் சிந்தித்து வளர்ந்த ஆசிரியர், ஆங்கிலத்தில் தடுமாறும் மாணவரின் வாக்கியத்தில் பிழையை மட்டும் பார்க்க மாட்டார். அந்தத் திறமை முதன்மை எழுத்து வகுப்புகளுக்கும் தேவை.

பட்டமே வேண்டாம், நல்ல எழுத்து ஆசிரியராக வேண்டும், அவ்வளவுதான் என்பவர்களுக்கு நேஷனல் ரைட்டிங் புராஜெக்ட். 1974-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கியது. இன்று பல மாநிலங்களில் கிளைகள். ஆசிரியர்களே ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் அதன் கோடைப் பயிற்சிகள் புகழ்பெற்றவை.

## விசாவில் இருப்பவர்கள்

எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருப்பவர் தாராளமாகப் படிக்கலாம், ஆன்லைனிலும் வளாகத்திலும். ஆனால் வேலை அனுமதி இல்லாமல் சம்பளம் வரும் அசிஸ்டன்ட்ஷிப்பை ஏற்க முடியாது. எச்-1பி துணைவரின் குடியேற்ற மனு ஏற்கப்பட்டிருந்தால் வேலை அனுமதி கேட்கும் வாய்ப்பு 2015 முதல் இருக்கிறது. அது இல்லாதவர் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அசிஸ்டன்ட்ஷிப் அதற்குள் அடங்கும்.

எஃப்-1 விசா முழு ஆன்லைன் படிப்புக்குக் கிடைக்காது. முழுநேரப் படிப்பு என்ற கணக்குக்குப் பருவத்துக்கு ஓர் ஆன்லைன் பாடம், அதாவது மூன்று கிரெடிட், மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். படிப்புக்குப் பிந்தைய வேலைப் பயிற்சி அனுமதியும் ஆன்லைன் பட்டத்தால் வராது. இந்த விசாக்களில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் மாணவர் கடனும் கிடைக்காது. ஆகவே வேலை அனுமதி இல்லாத எச்-4 காரருக்கு ஆன்லைன் என்பது முழுக்கக் கைப்பணம். வளாகமும் எஃப்-1-உம் அசிஸ்டன்ட்ஷிப்பும் சேர்ந்தால் ஏறக்குறைய கட்டணமில்லாப் படிப்பு. குடும்பச் சூழல் இடம் கொடுத்தால் இரண்டாவதைத் தீவிரமாக யோசியுங்கள்.

## விண்ணப்பிப்பதற்கு முன்

துறை இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பதில் வரும் வேகமும் தொனியுமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஆன்லைன் மாணவர் தம் ஊரிலுள்ள சமுதாயக் கல்லூரியிலோ எழுத்து மையத்திலோ பயிற்சி பெற்று அதற்குக் கிரெடிட் வாங்க வழி இருக்கிறதா? நிரந்தரப் பேராசிரியர்கள் கற்பிக்கிறார்களா, பருவந்தோறும் மாறுகிறவர்களா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஆன்லைன் எழுத்து வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 இருந்தால் நல்லது என்று இந்தத் துறையின் மாநாட்டு அமைப்பே 2013-இல் அறிவித்தது. எழுத்து ஆசிரியரை உருவாக்கும் படிப்பே அதை மீறினால் என்ன காரணம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகள் வந்தபின் பாடத்திட்டத்தில் என்ன மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தைக் கல்வித் துறையின் தரவுத்தளத்தில் நீங்களே சரிபாருங்கள். விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

தீர்மானிக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு நாட்காட்டியே ஓர் உதவி செய்கிறது. அசிஸ்டன்ட்ஷிப்புக்கான கடைசி நாள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வரும். ஆன்லைன் படிப்புகளில் பல கோடை வரை விண்ணப்பம் வாங்கும். முதலில் வளாகத்துக்கு விண்ணப்பியுங்கள். நிதியுதவியுடன் இடம் கொடுத்தால், ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தரும் உடன்பாட்டில் பல பல்கலைக்கழகங்களின் முதுகலைப் பிரிவுகள் கையெழுத்திட்டிருக்கின்றன. உதவித்தொகை எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு, எத்தனை பிரிவு கற்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் எழுத்தில் கைக்கு வந்திருக்கும். அந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால், ஆன்லைன் விண்ணப்பத்தை ஏப்ரல் 16 அன்று அனுப்பினாலும் இலையுதிர்காலப் பருவத்துக்கு இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு.